நிலைக்கும் சாயமும் புதுக்கும் சாயமும்: முட்டம் கடற்கரை வலைச்சாயத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இயற்கைச் சாயம் ஊட்டிய துணிகளின் நிறம் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது இன்று நெசவு, வணிகம், சுற்றுச்சூழல் ஆகிய முத்துறையினரும் எழுப்பும் வினா. இவ்வினாவிற்குரிய விடைகள் பெரும்பாலும் வேதியியல் அளவைகளின்வழி தரப்படுகின்றன. தமிழ்ச் சொல்மரபும் இலக்கியச் சான்றுகளும் கடலோரத் தொழில்மரபும் இவ்வினாவிற்கு வேறொரு விடையை வைத்திருக்கின்றன. சாயத்தைத் துணியில் நிலைக்கச் செய்தல், மங்கிய சாயத்தை மீண்டும் ஊட்டிப் புதுக்குதல் என்னும் இரு நெறிகள் தமிழ் மரபில் அருகருகே வழங்கின என்பதையும், இரண்டாம் நெறிக்கு முட்டம் முதலான கடற்கரை ஊர்களின் பருத்தி வலைச்சாயம் தக்க சான்றாகும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சாயம், துவர், நிறநிலைப்பு, சாயவேர், அவுரி, வலைச்சாயம், முட்டம்.

1. முன்னுரை

‘சாயம் வெளுத்துவிட்டது’ என்னும் தொடர் இன்றைய தமிழில் துணியைவிட மனிதரைக் குறித்தே மிகுதியாக வழங்குகிறது. பொய்மை வெளிப்படுதலே இத்தொடரின் பொருள். சாயம் வெளுத்தலைப் பொய்மையோடும் சாயம் நிலைத்தலை மெய்ம்மையோடும் இணைத்துக் காணும் இம்மனப்பாங்கு, இயற்கைச் சாயத்தைப் பற்றிய இன்றைய உரையாடலிலும் ஊடுருவியிருக்கிறது. இயற்கைச் சாயத் துணி ஓரிரு துவைப்பில் மங்கினால் அது ஏமாற்று எனக் கருதப்படுகிறது. மங்காதிருந்தால், அதில் செயற்கைச் சாயம் கலந்திருக்குமோ என்ற ஐயம் எழுகிறது. இரு நிலையிலும் ஐயத்திற்கு ஆளாகும் ஒரு தொழில் நெடுங்காலம் நிலைபெறுவது அரிது.

இவ்வினாவிற்கு ஒரு கடுமையான பின்புலமும் உண்டு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீரால் நொய்யலாறும் ஒரத்துப்பாளையம் அணையும் சீர்கெட்டதும், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் யாவரும் அறிந்தவை. பருத்தியில் நன்கு நிலைக்கும் செயற்கைச் சாயங்களை ஏற்றுவதற்குப் பெருமளவு உப்புத் தேவைப்படுகிறது. துணியில் பற்றாது எஞ்சும் சாயமும் அவ்வுப்பும் நீரோடு வெளியேறுகின்றன. துணியில் நிறம் நிலைப்பதற்கு ஆறு கொடுத்த விலை அது. எனவே நிறநிலைப்பு என்பது நுகர்வோர் விருப்பம் மட்டுமன்று. நீர், நிலம், தொழில் ஆகியவற்றின் வாழ்வோடு பிணைந்த வினாவும் ஆகும்.

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்திலுள்ள முட்டம், நெசவூர் அன்று; மீனவ ஊர். எனினும் சாயத்தைப் பற்றிய ஆய்வில் அவ்வூர் இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு. செயற்கை இழை வலைகள் வருமுன் இக்கரையில் வழங்கிய பருத்தி, சணல் வலைகள் தாவரச் சாயத்தில் தோய்க்கப்பட்டவை. வெயில், உப்புநீர், மணல் உராய்வு ஆகிய மூன்றையும் நாள்தோறும் ஒருசேரத் தாங்கிய சாயமேற்றிய நூல் என்றால் அது மீன்வலையே. சாயநிலைப்பைப் பற்றிப் பேசும் ஆய்வுகள் சேலை, வேட்டி, ஓவியத்துணி ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன, வலையை நோக்குவதில்லை. அவ்விடைவெளியை ஓரளவு நிரப்புவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. நிறநிலைப்பு: அளவையும் சொல்லும்

இன்றைய நெசவியல், நிறநிலைப்பைத் தனித்ததொரு பண்பாகக் கொள்வதில்லை. ஒளி, துவைப்பு, உராய்வு, வியர்வை என நிறத்தைக் கெடுக்கும் காரணி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆய்வுமுறை வகுத்திருக்கிறது. பன்னாட்டுத் தர அமைப்பின் ‘ஐ.எஸ்.ஓ. 105’ என்னும் தொகுதி இம்முறைகளை உள்ளடக்கியது. ஒளிநிலைப்பு, நீலக் கம்பளி அளவுகோலின்படி 1 முதல் 8 வரை மதிப்பிடப்படுகிறது. துவைப்பும் உராய்வும் சாம்பல் அளவுகோலின்படி 1 முதல் 5 வரை மதிப்பிடப்படுகின்றன. எண் உயர நிலைப்பும் உயரும்.

இப்பகுப்பின் பயன் பெரிது. ஒரே சாயம் ஒரு காரணிக்கு உறுதியாகவும் மற்றொன்றுக்கு நலிவாகவும் இருக்கக்கூடும். மஞ்சளில் உள்ள குர்குமின் பருத்தியை எளிதிற் பற்றும். ஆயின் வெயிலில் விரைந்து அழியும். சவர்க்காரம் முதலிய காரப்பொருள் பட்டால் செம்பழுப்பாகத் திரியும். அவுரி நீலம் துவைப்பைத் தாங்கும். அழுத்தமாக ஏற்றப்பட்ட நீலமோ உராய்வில் கையில் ஒட்டும். காவிக்கல்லின் நிறம் வெயிலுக்கு அசையாது. ஆனால் அது நூலோடு வேதியியல் முறையில் பிணைவதன்று, நுண்துகளாகப் படிந்திருப்பது. ஆதலின் துவைப்பிலும் உராய்விலும் சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். முட்டத்தை அடுத்துள்ள செம்மணல் தேரியின் நிறமும் இரும்பு ஆக்சைடால் வந்ததே. எத்தனையோ காலமாக வெயிலில் கிடந்தும் அம்மணல் வெளுக்கவில்லை. அதில் நடந்து வந்தவரின் வேட்டியில் பற்றிய செம்மையோ இரண்டு துவைப்பில் போய்விடுகிறது. ஒளிநிலைப்பும் துவைப்புநிலைப்பும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

தமிழ் வழக்கிலும் இவ்வேறுபாடுகள் சொற்களாகப் பதிந்துள்ளன. ‘கெட்டிச்சாயம்’ என்பது நிலைப்புள்ள சாயத்தைக் குறிக்கும். நிலைப்பற்றதை ‘சாயம் போகிறது’, ‘சாயம் விடுகிறது’, ‘வெளுக்கிறது’, ‘மங்குகிறது’, ‘ஒட்டுகிறது’ என வெவ்வேறு வினைகளால் மக்கள் வழங்குகின்றனர். துவைக்கும் நீரில் நிறம் கலத்தல் ‘விடுதல்’. பிற துணியில் படிதல் ‘ஒட்டுதல்’. நிறச்செறிவு குறைதல் ‘மங்குதல்’. நிறம் நீங்கி வெண்மையாதல் ‘வெளுத்தல்’. அறிவியல் எண்ணால் பகுத்ததை வழக்குமொழி வினையால் பகுத்திருக்கிறது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் புதுச்சொல் படைக்குமுன் இவ்வினைகளைக் கருத்திற்கொள்ளுதல் நலம்.

3. இலக்கியச் சான்றுகளில் சாயமும் நிலைப்பும்

3.1 தோய்தலும் தோயாமையும்

துணிக்கு நிறமூட்டுதலைக் குறிக்கப் பழந்தமிழில் ‘தோய்’ என்னும் வினை வழங்கியது. முல்லைப்பாட்டில், பாசறைக் காட்சியினிடையே, காவிக்கல்லில் தோய்த்த ஆடையை உடுத்த அந்தணன் உவமையாக வருகிறான். திருமுருகாற்றுப்படை சூரரமகளிரை வருணிக்குமிடத்து, அவர்தம் துகில் தோய்க்கப்படாமலே இந்திரகோபப் பூச்சிபோலச் சிவந்தது என்கிறது. இவ்விரண்டையும் ஒப்புநோக்கினால் ஒரு கருத்துப் புலப்படும். மண்ணுலகத்தார் ஆடையின் நிறம் தோய்த்துப் பெறப்படுவது. தெய்வமகளிர் ஆடையின் நிறம் இயல்பாக அமைந்தது. தோய்த்த நிறம் நீங்கக்கூடியது, தோயாத நிறம் நீங்காதது என்னும் உணர்வு இவ்வெதிர்மறைப் பெயரெச்சத்தின் பின்னே இருத்தல் கூடும். நீங்காத நிறம் தெய்வத்திற்குரியது. மனிதர்க்குரியது தோய்த்தும் மீளத் தோய்த்தும் பெறும் நிறம்.

3.2 துவர்

சாயமரபில் முதன்மைபெறும் மற்றொரு சொல் ‘துவர்’. இது துவர்ப்புச் சுவையையும் அச்சுவையுடைய பொருளையும் செந்நிறத்தையும் ஒருங்கே குறிக்கும். ‘துவர்வாய்’ என்னுமிடத்துச் செந்நிறமும், ‘துவராடை’ என்னுமிடத்துத் துவரூட்டிய செவ்வாடையும் பொருளாகின்றன. புத்தத் துறவியரின் ஆடையைத் தேவாரம் இச்சொல்லால் சுட்டுகிறது. சுவையும் நிறமும் ஒரு சொல்லில் கூடியது தற்செயல் அன்று. துவர்ப்பைத் தரும் டானின் என்னும் பொருளே நூலைப் பற்றிச் செம்பழுப்பு நிறத்தையும் தருகிறது; உலோக உப்புகளைப் பிணைத்து, அவற்றின்வழிப் பிற சாயங்களையும் நூலில் நிறுத்துகிறது. நாவால் அறிந்த சுவையைக் கொண்டே சாயமேற்றத் தக்க பட்டையையும் காயையும் முன்னோர் தெரிந்தெடுத்திருக்க வேண்டும்.

சிலப்பதிகாரக் கடலாடு காதையில், மாதவியின் நீராட்டிற்குரிய பொருள்களுள் பத்துத் துவர் கூறப்படுகிறது. பழைய உரைமரபு பூவந்தி, திரிபலை, கருங்காலி, நாவல், நாற்பால் மரம் என அவற்றை எண்ணுகிறது. திரிபலை என்பது கடுக்காய், நெல்லி, தான்றி ஆகிய மூன்றும். நாற்பால் மரம் என்பது ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நான்கும். இவற்றுள் கடுக்காய், பருத்திச் சாயத்தொழிலின் முதற்படி. கருங்காலி என்னும் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களுக்கு வழங்குவது. அவற்றுள் ஒன்றான அக்கேசியா வகையின் வைரத்தைக் காய்ச்சி எடுப்பதே காசுக்கட்டி. அக்காசுக்கட்டியே பிற்காலத்தில் உலகின் பல கடற்கரைகளிலும் வலைச்சாயமாகப் பயன்பட்டது. மாதவியின் நீராட்டுப் பொருளும் மீனவரின் வலைச்சாயமும் ஒரே துவர்க் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது கருதத்தக்கது.

இவ்விடத்து ஒரு விலக்கு. நாஞ்சில் நாட்டு வழக்கில் உடல் துடைக்கும் துண்டு ‘துவர்த்து’ எனப்படும். இச்சொல் ஈரம் புலர்த்துதல் என்னும் பொருளுடைய ‘துவர்த்து’ வினையின்வழி வந்தது; சாயத்துவரோடு இதனை இணைத்தல் பொருந்தாது. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு சொற்பிறப்புக் காண்பது வட்டார வழக்காய்வில் நேரும் பிழைகளுள் ஒன்று.

3.3 நிறமும் அன்பும்

வடமொழியில் ‘ராகம்’ என்னும் சொல் நிறத்தையும் காதலையும் குறிக்கும். 14-ஆம் நூற்றாண்டினரான விசுவநாதர் சாகித்திய தர்ப்பணத்தில் காதலை நீலிராகம், குசும்பராகம், மஞ்சிட்டராகம் என மூவகைப்படுத்துகிறார். மிகுதியாக ஒளிராமலும் நீங்காமலும் இருப்பது நீலி. ஒளிர்ந்து நீங்கிவிடுவது குசும்பம். நீங்காததோடு ஒளிரவும் செய்வது மஞ்சிட்டம். அவுரி நீலத்தின் உறுதி, குசும்பப்பூச் செம்மையின் விரைந்த அழிவு, மஞ்சிட்டி வேரின் ஒளியும் உறுதியும் சாயத்தொழிலார் கண்டறிந்த உண்மைகள். அணிநூலார் அவற்றை அவ்வாறே எடுத்தாண்டனர். நிலையில்லாக் காதலை மஞ்சள் நிறத்தோடு ஒப்பிடும் ‘அரித்திராராகம்’ என்னும் வழக்கும் அம்மொழியில் உண்டு. இன்றைய ஆய்வுக்கூட அளவைகளும் இவ்வரிசையை மாற்றுவனவாக இல்லை.

தமிழ் அகமரபு இதற்கு வேறான ஒரு வழியைக் கண்டது. தலைவியின் உடலில் பரவும் பசலை, அன்பின்மையால் வருவது அன்று. அன்பு இருப்பதால், பிரிவில் வருவது. தொடுந்தோறும் நீங்கி, விடுந்தோறும் பரவும் அதன் இயல்பைக் குறுந்தொகைப் பாடல் ஒன்று ஊர்க்கேணிப் பாசியோடு ஒப்பிடுகிறது. இது துணிச்சாயத்திற்கு நேர்ச்சான்று அன்று. எனினும், நிறமாற்றத்தைப் பொய்மையின் அடையாளமாகக் கொள்ளாமல் உறவின் அடையாளமாகக் கொள்ளும் ஒரு பார்வை தமிழில் இருந்தது என்பதை இது காட்டும்.

நீலச்சாயத் தொட்டியில் விழுந்த நரியின் கதையும் இங்கு நோக்கத்தக்கது. பஞ்சதந்திர வடமொழிக் கதையில் நரியின் நீலம் வெளுப்பதில்லை. அது ஊளையிட்டதாலேயே காட்டிக்கொடுக்கப்படுகிறது. ஒருமுறை பற்றினால் விடாதவற்றின் பட்டியலில் நீலத்தையும் அக்கதை சேர்க்கிறது. தமிழ்நாட்டில் சிறுவர்க்குச் சொல்லப்படும் வடிவிலோ மழை பெய்து நரியின் சாயம் வெளுத்துவிடுகிறது. ‘சாயம் வெளுத்தல்’ என்னும் தொடரின் செல்வாக்கு, சாயங்களுள் உறுதி மிக்கதான நீலத்தையும் கதையில் வெளுக்க வைத்துவிட்டது எனலாம்.

4. நிலைக்கும் சாயம்: சாயவேரும் அவுரியும்

சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் ஐரோப்பியச் சந்தையை 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆட்கொண்டதற்கு அவற்றின் நிறநிலைப்பு ஒரு முதன்மைக் காரணம். துவைக்கத் துவைக்க மங்காத பருத்திச் சிவப்பு அங்கு அரிதாக இருந்தது. அச்சிவப்பைத் தந்தது இம்பூறல் எனப்படும் சாயவேர். ஓல்டன்லாண்டியா அம்பெல்லாட்டா என்பது அதன் தாவரவியற் பெயர். கடலோர மணற்பாங்கில் வளரும் இச்செடியின் தமிழ்ப்பெயரே ஆங்கிலத்தில் ‘சே ரூட்’ என வழங்கிற்று. யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் இவ்வேர் அகழ்வை ஒல்லாந்தர் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தமை இதன் வணிக மதிப்பை உணர்த்தும்.

இத்தொழிலின் படிமுறையைப் புதுச்சேரியிலிருந்து சேசுசபைத் துறவி கேர்து 1742-இல் எழுதிய மடல் விரிவாகக் கூறுகிறது. துணியை வெளுத்துக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்தல், சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலையும் கருமை வேண்டிய இடத்தில் இரும்புக் கரைசலையும் எழுதுதல், பின்னர்ச் சாயவேர் இட்ட நீரில் கொதிக்கவைத்தல் ஆகியன அதன் முதன்மைப் படிகள். இங்குச் சாயம் தனியே துணியைப் பற்றுவதில்லை. கடுக்காய்த் துவர் நூலைப் பற்றுகிறது. படிகாரத்தின் அலுமினியம் துவரைப் பற்றுகிறது. வேரிலுள்ள அலிசரின் அலுமினியத்தைப் பற்றுகிறது. இப்பிணைப்பினால் நீரில் கரையாத சேர்மம் நூலுக்குள்ளேயே உருவாவதால் நிறம் துவைப்பையும் வெயிலையும் தாங்குகிறது.

அவுரியின் வழி வேறு. நீலம் நீரில் கரையாதது. காரத்தன்மையுள்ள தொட்டியில் நொதிக்கவைத்து ஆக்சிசன் நீக்கப்படும்போது அது கரையும் வடிவம் பெற்று நூலுக்குள் புகுகிறது. துணியை வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தால் மீண்டும் கரையாத நீலமாகி உள்ளேயே தங்கிவிடுகிறது. இதற்குப் படிகாரமும் கடுக்காயும் வேண்டா. இவ்விரு வழிகளும் ஒரே கொள்கையின் இரு வடிவங்கள்: கரைந்த நிலையில் நூலுட் புகச்செய்து, கரையா நிலையில் அங்கேயே நிறுத்துதல்.

தாவரங்களுள்ளும் படிகாரத்தின் பணியைச் செய்வன உள. முல்லைத் திணையில் மாயோன் நிறத்திற்கு உவமையாகும் காயாவின் இலை மஞ்சள் சாயத்திற்கும், சாயத்தைப் பற்றுவிக்கும் படிகாரத்திற்கு மாற்றாகவும் தென்னிந்தியாவில் பயன்பட்டது. காயா சேர்ந்த தாவரக் குடும்பத்துச் செடிகள் பல மண்ணிலிருந்து அலுமினியத்தைத் தம் இலையில் சேர்த்துவைப்பவை. கவிஞர் மலரின் நிறத்தை நோக்கினர். சாயத்தொழிலார் இலையின் திறத்தை அறிந்தனர்.

ஆயினும் நிலைப்பு எப்போதும் நன்மையே தருவதன்று. அருங்காட்சியகங்களிலுள்ள பழைய சோழமண்டலத் துணிகளில், இரும்பும் துவரும் கூடி உண்டான கருங்கோடுகள் ஓடிய இடங்களில் துணி இற்றுப்போயிருப்பதைக் காணலாம். இரும்பு, பருத்தி நூலின் சிதைவை விரைவுபடுத்துவதே காரணம். அங்கு நிறம் நிலைத்தது, நூல் நிலைக்கவில்லை. சாயத்தின் உறுதியையும் துணியின் உறுதியையும் ஒன்றெனக் கருதுதல் பிழை என்பதற்கு இது சான்று.

1856-இல் பெர்க்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். 1868-இல் கிரேபெயும் லீபெர்மானும் அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. சாயவேரும் அவுரியும் நிலைப்பில் குறைந்ததால் தோற்றவை அல்ல. அதே நிறப்பொருளை ஆலைகள் மலிவாகவும் ஒரே தரத்திலும் ஆக்கியதால் தோற்றவை. இயற்கைச் சாயம் என்றாலே நிறம் நில்லாது என்னும் இன்றைய பொதுக்கருத்து இவ்வரலாற்றோடு பொருந்தவில்லை.

5. புதுக்கும் சாயம்: முட்டம் கடற்கரை வலைகள்

பருத்தியும் சணலும் செல்லுலோசு ஆனவை. கடல்நீரில் நனைந்து ஈரம் புலராமல் கிடந்தால் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று சில வாரங்களிலேயே நூலை இற்றுப்போகச் செய்யும். துவர்ப்பொருள் அந்நுண்ணுயிர்களைத் தடுக்கும். ஆதலின் தென்மேற்குக் கரையில் வலைகள் பனிச்சங்காய்ச் சாறு, புளியங்கொட்டையின் மேல்தோல், மரப்பட்டை, காசுக்கட்டி முதலியவற்றின் கொதிநீரில் தோய்த்து உலர்த்தப்பட்டன. வலை செம்பழுப்பாயிற்று. இக்கட்டுரை அதனை ‘வலைத்துவர்’ எனக் குறிக்கிறது.

வலைத்துவரின் நிலைப்பைத் துணிச்சாயத்தின் அளவுகோலால் அளந்தால் அது தோல்வியுற்றதாகவே தோன்றும். துணியில் காசுக்கட்டிப் பழுப்பு, தாவரச் சாயங்களுள் உறுதியானவற்றில் ஒன்று. ஆனால் கரமடியோ நாள்தோறும் உப்புநீரில் கிடக்கிறது, மணலில் இழுபடுகிறது, வெயிலில் காய்கிறது. நீரில் கரையும் துவர் சிறிது சிறிதாகக் கடலில் கலந்துவிடுகிறது. ஒரே சாயம் சேலையில் கெட்டிச்சாயமாகவும் வலையில் விடும் சாயமாகவும் அமைகிறது. எனவே நிறநிலைப்பு என்பது சாயத்தின் பண்பு மட்டுமன்று. சாயம், நூல், பயன்பாடு ஆகிய மூன்றின் உறவு.

மீனவர் இந்நிறமிழப்பைக் குறையாகக் கருதவில்லை, அறிகுறியாகக் கொண்டனர். வலை வெளுக்கத் தொடங்கினால் அதிலுள்ள துவர் குறைந்துவிட்டது. துவர் குறைந்தால் நூல் இறும். ஆகவே மீண்டும் தோய்க்க வேண்டும். நிறமே காப்பின் அளவுகோல். இங்குச் சாயம் வெளுத்தல் பொய்மையின் வெளிப்பாடு அன்று. வலை தன் நிலையை உடையவர்க்கு மெய்யாக அறிவிக்கும் மொழி அது. முட்டம், கடியப்பட்டணம் போன்ற ஊர்களில் முதியோரோடு உரையாடும்போது பருத்தி வலையின் நினைவு பெரும்பாலும் அதனைப் பேணும் உழைப்பின் நினைவாகவே வெளிப்படுகிறது. அலசுதல், உலர்த்துதல், பொத்துதல், சாயமேற்றல் என்னும் வேலைகளின் வரிசையில்தான் வலை அவர்தம் பேச்சில் வருகிறது.

இம்முறையை உறுதிப்படுத்தும் முயற்சிகளும் நடந்தன. துவர் தோய்த்த வலையை அம்மோனியா கலந்த மயில்துத்தக் கரைசலில் தோய்த்தால், செம்பு துவரைப் பிணைத்து அது கரைவதைக் குறைக்கும். 1957-இல் கொச்சியில் தொடங்கப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வலைப் பாதுகாப்பையும் தன் ஆய்வுகளுள் ஒன்றாகக் கொண்டது. துணியில் படிகாரம் செய்ததை வலையில் செம்பு செய்தது. ஆனால் செம்பு, கடல்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகும் தன்மையது. நிலைப்பை நாடிய வழி இங்கும் நீருக்கு ஒரு விலையை வைத்தது.

இதற்குள் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. முட்டம் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்தபோது, 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கிற்று. இக்கரையில் விசைப்படகும் நைலான் வலையும் பரவ அது ஒரு வாயிலாயிற்று. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் அம்மாற்றம் தொடர்ந்தது. நைலானை நுண்ணுயிர் தின்பதில்லை. ஆதலின் துவர் தேவையற்றதாயிற்று. துவரோடு அதன் சொற்களும் வழக்கிறந்தன.

நைலான் மீனவரின் உழைப்பைக் குறைத்தது, மீன்பாட்டைப் பெருக்கியது. இதனை மறுப்பதற்கில்லை. பருத்தி வலைக்கு மீளுமாறு மீனவரை வேண்டுவது கரையில் நிற்பவர் சொல்லும் அறிவுரையாகவே முடியும். ஆனால் அறுந்து கடலில் தங்கிய பருத்தி வலை இற்று மறைந்தது. நைலான் வலையோ நெடுங்காலம் இற்றுப்போகாமல் கடலடியில் கிடந்து, இழுப்பார் இன்றியும் மீனையும் ஆமையையும் சிக்கவைத்துக் கொல்கிறது. ‘பேய்வலை’ என்பது அதற்கு வழங்கும் பெயர். வலையின் அழிவின்மை, வலையைப் பயன்கொள்வோரின் கடலுக்கே கேடாயிற்று.

6. இன்றைய பசுமைச் சாயத்துணிகளும் இரு நெறிகளும்

புதுக்கும் நெறி வலையோடு நின்றுவிட்டதன்று. தாலிக்கயிற்றின் மஞ்சள் வெயிலிலும் நீரிலும் மங்குவது. நீராடும்போது மஞ்சள் பூசிப் புதுக்கப்படுவது. துறவியரின் காவி, துவைக்குந்தோறும் உதிர்ந்து மீளத் தோய்க்கப்பட்டது. இவை நிலைப்பு அறியாதவர் கையாண்ட குறைச்சாயங்கள் அல்ல. சாயவேரும் அவுரியும் அறிந்த அதே சமூகம், இவ்விடங்களில் நிலையாச் சாயத்தைத் தெரிந்தே ஏற்றது. மஞ்சளைப் புதுக்குதல் மங்கலத்தின் தொடர்ச்சி. காவியைப் புதுக்குதல் நோன்பின் தொடர்ச்சி. துவரைப் புதுக்குதல் தொழிலின் தொடர்ச்சி.

இன்று இயற்கைச் சாயத் துணிகள் புதுச் செல்வாக்குப் பெற்று வருகின்றன. கேரளத்தின் பாலராமபுரத்தில் மூலிகைச் சாயமூட்டிய ‘ஆயுர்வஸ்திரா’ துணிகள் ஆக்கப்பட்டுள்ளன. ஆரோவில்லில் அவுரியை நொதிக்கவைத்து நீலமேற்றும் பட்டறை இயங்குகிறது. இத்தகைய முயற்சிகள் எதிர்கொள்ளும் முதல் வினா ‘சாயம் போகுமா?’ என்பதே. இதற்கு ஒற்றை விடை இல்லை. அவுரி, சாயவேர், மஞ்சிட்டி, காசுக்கட்டி ஆகியவற்றை முறையாக ஏற்றினால் நெடுநாள் நிலைக்கும். மஞ்சள், குசும்பப்பூ, பதிமுகம் ஆகியவை வெயிலில் மங்கியே தீரும். இவ்வேறுபாட்டை வாங்குவோர்க்குச் சொல்லாமல் ‘இயற்கைச் சாயம்’ என ஒரு பெயரால் அனைத்தையும் விற்பதுவே ஐயத்தின் மூலம்.

மங்கும் சாயத்தை எவ்வாறேனும் நிறுத்த முயல்வதும் தீர்வாகாது. குரோமியம், செம்பு, வெள்ளீயம் ஆகியவற்றின் உப்புகள் நிறத்தை உறுதியாக்கும், கழிவுநீரை நஞ்சாக்கும். குரோமிய உப்பில் நிறுத்திய கடுக்காய்ச் சாயத்தை இயற்கைச் சாயம் என்பது சொல்லளவில் மெய், பொருளளவில் அன்று. சாயப்பொருள் செடியிலிருந்து வந்தது என்பது போதாது. அதனைப் பற்றுவித்த பொருள் எது, எஞ்சிய நீர் எங்குச் சென்றது என்பனவும் வினவப்பட வேண்டும்.

எனவே துணிகளை இரு வகையாக அறிவித்து வழங்கும் வழக்கம் நன்மை தரும். ஒன்று, நிலைக்கும் சாயம் ஊட்டியவை. மற்றொன்று, புதுக்கும் சாயம் ஊட்டியவை: மங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி, மீளத் தோய்த்துத்தரும் பொறுப்பையும் ஏற்பவை. இரண்டாம் வகை இன்று புதுமையாகத் தோன்றலாம்; வலையை மீளத் தோய்த்த கரைக்கு அது புதிதன்று. நிழலில் உலர்த்துதல், கடுங்காரச் சவர்க்காரத்தைத் தவிர்த்தல் போன்ற பேணல் முறைகளும் இவ்வறிவிப்பின் பகுதியாதல் வேண்டும்.

7. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. நிறநிலைப்பு ஒற்றைப் பண்பன்று. சாயம், நூல், பயன்பாடு ஆகிய மூன்றின் உறவாக அமைவது. தமிழ் வழக்கிலுள்ள விடுதல், ஒட்டுதல், மங்குதல், வெளுத்தல் ஆகிய வினைகள் இவ்வேறுபாட்டை உணர்த்துகின்றன, கலைச்சொற்களாகவும் கொள்ளத்தக்கன.

2. ‘துவர்’ என்னும் சொல்லில் சுவையும் நிறமும் இணைந்திருப்பது டானின் பற்றிய பட்டறிவின் மொழிப்பதிவு எனக் கருதலாம். சிலப்பதிகார உரைமரபு எண்ணும் பத்துத் துவர், கடுக்காய்ச் சாயமேற்றல், வலைத்துவர் ஆகிய மூன்றும் ஒரு பொருட்குடும்பத்தைச் சேர்ந்தவை.

3. தமிழ்ச் சாயமரபில் நிலைக்கும் நெறியும் புதுக்கும் நெறியும் ஒருங்கே இருந்தன. சாயவேரும் அவுரியும் முதல் நெறிக்கும், மஞ்சளும் காவியும் வலைத்துவரும் இரண்டாம் நெறிக்கும் சான்றாவன.

4. பசுமைச் சாயத்தை மதிப்பிடும் இன்றைய அளவுகோல்கள் முதல் நெறியை மட்டுமே அறிந்தவை. இரண்டாம் நெறியையும் ஏற்றுக்கொண்டாலன்றி இயற்கைச் சாயத்தொழில் ஐயத்திலிருந்து மீள்வது கடினம்.

கடற்கரை ஊர்களின் வலைச்சாயச் சொற்கள், அவற்றைக் கையாண்ட தலைமுறையோடு மறைந்து வருகின்றன. பருத்தி வலையைத் தம் கையால் தோய்த்தவர்கள் இன்று மிக முதியோர். முட்டம் முதல் நீரோடி வரையிலான ஊர்களில் அச்சொற்களைத் திரட்டுதல் காலந்தாழ்த்தாது செய்யவேண்டிய பணி. வலையில் சாயம் வெளுத்தால் மீண்டும் ஊட்டலாம். வழக்கிறந்த சொல்லை, அதனை அறிந்தவர் மறைந்தபின் மீட்க வழியில்லை.